லைனும் லயமும்

நாவலப்பிட்டியைக் கடந்து மலையேறும் இருப்புப்பாதையில் ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா என நிலையம் நிலையமாகச் செல்வோர், சன்னல் வழியே காணும் காட்சிகளுள் நான்கினை எளிதில் மறப்பதில்லை. மலைச்சரிவைத் தழுவி வரிசை வரிசையாகச் செல்லும் தேயிலைச் செடிகள் ஒன்று. அச்சரிவின் மடியில் நீண்டு கிடக்கும் ஒற்றைக் கூரைக் கட்டடம் மற்றொன்று. கம்பத்துக்குக் கம்பம் தாவிச் செல்லும் கம்பி மூன்றாவது. காலின் கீழே ஓடிக்கொண்டிருக்கும் தண்டவாளம் நான்காவது. ஆங்கிலம் பேசுவோர் இந்நான்கையும் ஒரே சொல்லாற் குறிக்கக்கூடும். லைன் என்பதே அச்சொல்.

இந்நான்கனுள் மூன்றினை இலங்கைத் தமிழரும் அப்பெயராலேயே அழைக்கப் பழகிவிட்டனர். புகைவண்டி ஓடுவது லைன். தொலைபேசிக் கம்பியும் லைன். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் நெடுங்கட்டடமும் லைன். இக்கடைசியானது மக்கள் நாவில் உருண்டு லயன் என்றும் லயம் என்றும் ஆயிற்று. ஆனால், தேயிலைச் செடி வரிசைக்கு மட்டும் அப்பெயர் ஒட்டவில்லை. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போகும் பெண், அங்கே தனக்குரிய நிரையைப் பிடிக்கிறாள். நிரை என்பது பழந்தமிழ்ச் சொல். மக்களும் ஒருவரே, தோட்டமும் ஒன்றே. அவ்வாறிருக்க, அவர்கள் வேலை செய்யும் வரிசைக்குத் தமிழ்ப் பெயரும், வாழும் வரிசைக்கு ஆங்கிலப் பெயரும் வாய்த்தது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், லைன் என்னும் சொல் பிறந்த இடத்துக்கே போதல் வேண்டும்.

அது பிறந்த இடம் ஒரு செடி. ஆளி விதை தரும் செடியை நேயர்கள் அறிவர். அச்செடியின் தண்டிலிருந்து நார் எடுத்து, அதனைத் திரித்து நூலாக்கி, ஆடை நெய்யும் தொழில் மேலைநாடுகளில் மிகப் பழைமையானது. அச்செடிக்கு இலத்தீன் மொழியில் லீனும் என்று பெயர். அதன் நாரால் ஆகிய நூல் லீனியா எனப்பட்டது. இந்த லீனியாவே பழைய ஆங்கிலத்தில் கயிறு என்னும் பொருளோடு புகுந்தது. பின்னர் அதே இலத்தீன் சொல் பிரெஞ்சு மொழியின் வழியாக இரண்டாம் முறையும் இங்கிலாந்தை அடைந்தது. முன்பு வந்ததும் பின்பு வந்ததும் ஒன்றாய்க் கலந்து இன்றைய லைன் என்னும் சொல்லாயின.

ஒரு குடும்பத்திற் பிறந்தோர் பல ஊர்களிற் சென்று வாழ்வது போல, இச்செடியின் வழிவந்த சொற்களும் பல துறைகளில் வாழ்கின்றன. லினன் என்னும் துணியின் பெயர் அதன் நேர் வாரிசு. தையற்காரர் சட்டையின் உட்புறத்தில் வைத்துத் தைக்கும் லைனிங் துணி, முற்காலத்தில் லினன் துணியாக இருந்தமையால் அப்பெயர் பெற்றது. ஆளி விதையின் எண்ணெயைக் கொண்டு தரைவிரிப்புச் செய்யும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திற் கண்டுபிடிக்கப்பட்டபோது, அதற்கு லினோலியம் என்று பெயரிட்டனர். லீனும் என்பதனோடு எண்ணெயைக் குறிக்கும் ஓலியம் என்னும் இலத்தீன் சொல்லைச் சேர்த்து ஆக்கிய பெயர் அது.

நூலிலிருந்து கோடு பிறந்தது எங்ஙனம் என்று வியக்க வேண்டியதில்லை. தச்சனும் கொத்தனும் நேர்மை காண்பதற்கு நூலைத்தான் இழுத்துப் பிடிக்கின்றனர். இழுத்த நூலே முதலில் மனிதன் கண்ட நேர்கோடு. தமிழ்மொழியும் இதே வழியில் நடந்திருக்கிறது. பஞ்சிலிருந்து திரித்த இழைக்கும் நூல் என்று பெயர். தச்சன் பிடிக்கும் கயிற்றுக்கும் நூல் என்று பெயர். அறிஞர் எழுதிய ஏட்டுக்கும் நூல் என்றே பெயர். மரத்தின் கோணலைத் தச்சனது நூல் காட்டித் திருத்துவது போல, மனத்தின் கோணலைத் திருத்துவதால் ஏட்டுக்கும் நூல் என்னும் பெயர் தகும் என்ற கருத்தை நன்னூலார் கூறிச் சென்றார். இலத்தீனில் நாரிழையாய் இருந்த சொல் ஆங்கிலத்திற் கவிதையின் ஓரடியைக் குறிக்க வந்ததும், தமிழிற் பஞ்சிழையாய் இருந்த சொல் முழுப் புத்தகத்தையே குறிக்க வந்ததும், ஒரே எண்ணம் இரு நிலங்களில் முளைத்தமைக்குச் சான்றாகும். இதற்கு மாறாக, கோடு என்னும் தமிழ்ச்சொல்லோ வளைவிலிருந்து பிறந்தது. கோடுதல் என்றால் வளைதல். விலங்கின் கொம்பும் கோடு. மலையின் உச்சியும் கோடு. வளைந்ததைக் குறித்த சொல்லே நாளடைவில் நேரானதையும் குறிக்கலாயிற்று. சொற்கள் தாம் பிறந்த பொருளிலேயே கட்டுண்டு கிடப்பதில்லை என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

லைன் என்பதற்கு இன்று ஆங்கில அகராதிகள் தரும் பொருள்கள் பக்கக் கணக்கில் நீளும். அவற்றையெல்லாம் மூன்று கிளைகளாகப் பகுத்துக் காணலாம். இழுத்துக் கட்டிய கயிறு முதற்கிளை. மீன் பிடிக்கும் தூண்டிற்கயிறு, துணி காயப்போடும் கொடி, தந்திக்கம்பி, தொலைபேசித் தொடர்பு ஆகியவை இதன்பாற்படும். கீறிய கோடு இரண்டாங்கிளை. கணிதத்தின் நேர்கோடு, உள்ளங்கை இரேகை, நாட்டின் எல்லை, கடலோடிகள் கடக்கும் பூமத்திய இரேகை ஆகியவை இதில் அடங்கும். ஒன்றன்பின் ஒன்றாய் அமைந்த வரிசை மூன்றாங்கிளை. ஏட்டில் எழுத்துக்களின் வரிசையும், நாடகக்காரன் பேசும் வரிகளும், கடைவாயிலிற் காத்துநிற்போர் வரிசையும், ஒருவர் செய்யும் தொழிற்றுறையும், தந்தை, மகன், பேரன் என வரும் வமிசமும் இக்கிளையைச் சேர்ந்தவை. ஒரே கம்பெனிக்குரிய கப்பல்களின் தொகுதி லைன் எனப்பட்டமையால், அதிற் செல்லும் கப்பல் லைனர் ஆயிற்று. அக்கப்பல் வழக்கே பின்னர் வானூர்திக் கம்பெனிகளுக்கும் உரியதாயிற்று.

இந்த மூன்றாங்கிளையில், வரிசை என்னும் பொருளில், இச்சொல்லை மிகுதியாக ஆண்டவர்கள் படைத்துறையினர். அணிவகுத்து நிற்கும் காலாட்படை லைன் எனப்பட்டது. பாளையத்திற் கூடாரங்களும் குடிசைகளும் வரிசையாக அமைக்கப்பட்டபோது அவையும் லைன்கள் ஆயின. குதிரைகளைக் கயிற்றில் வரிசையாகக் கட்டும் இடத்துக்கும் அதுவே பெயர். ஆங்கிலேயர் இந்தியாவில் ஆட்சி நிறுவியபோது சிப்பாய்கள் வாழ்ந்த குடியிருப்பு வரிசைகளை லைன்கள் என்றனர். தில்லியிலும் அலகாபாத்திலும் சிவில் லைன்ஸ் என்று இன்றும் வழங்கும் பகுதிகள், அக்காலத்திற் படைத்துறையல்லாத ஆங்கில அதிகாரிகள் வாழ்ந்த இடங்களாகும். கோவை நகரப்பகுதிகளில் ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்து அமைந்த வாடகை வீடுகளை லைன் வீடு என்பர். அசாமின் தேயிலைத் தோட்டங்களில் லேபர் லைன் என்கின்றனர். மூணாற்றிலும் மலாயாவின் தோட்டங்களிலும், இலங்கை மலைநாட்டிற் போலவே, லயம் என்னும் பெயர் வழங்கியது.

மலைநாட்டுத் தோட்டங்களுக்கு இச்சொல் தனியே வரவில்லை; தன் உறவினரோடு வந்தது. அதிகாலையில் தொழிலாளர் ஒன்றுகூடி வேலை பிரித்துக்கொள்ளும் நிகழ்ச்சியைத் தோட்டத்தில் பிரட்டு என்பர். அது பரேட் என்னும் படைத்துறைச் சொல்லின் திரிபு. பெயர் கூப்பிட்டுக் கணக்கெடுப்பதற்கு மஸ்டர் என்று பெயர். அதுவும் படைத்துறைச் சொல்லே. தோட்டத்தின் பகுதி டிவிசன் எனப்படுகிறது. இச்சொற்களை ஒன்றாக வைத்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை விளங்கும். தோட்டத்தை அமைத்தோரின் மனத்தில் இருந்தது ஊரன்று; பாளையம். கோப்பிப் பயிர் பரவிய தொடக்ககாலத்தில் நிலம் பெற்றுத் தோட்டம் திறந்தவர்களுள் படைத்துறை அதிகாரிகளும் அரசாங்க உத்தியோகத்தர்களும் இருந்தனர். 1824ஆம் ஆண்டு முதல் 1831ஆம் ஆண்டு வரை தேசாதிபதியாய் இருந்த சேர் எட்வர்ட் பார்ன்ஸ் தாமே கன்னொருவையிற் கோப்பித் தோட்டம் வைத்திருந்தவர், அவரும் படைத்தலைவர். பாளையத்தைக் கண்டு பழகிய கண்களுக்கு, தொழிலாளர் தங்குமிடமும் பாளையத்தின் குடிசை வரிசை போலவே தோன்றியதில் வியப்பில்லை.

அக்காலத்தில் அதற்கு ஒரு காரணமும் இருந்தது. திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம், தஞ்சாவூர் முதலான மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள், கோப்பிப் பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் பெரும்பாலும் ஊர் திரும்பினர். வழியில் மடிந்தவர்களும் பலர். சில மாதங்களுக்கு வந்து போவோர்க்குத் தற்காலிகக் கொட்டகை போதும் எனத் துரைமார் எண்ணினர். ஆனால் 1869ஆம் ஆண்டளவில் கோப்பி இலைகளிற் கண்ட ஒருவகைத் துருநோய், அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அப்பயிரையே அழித்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்திற் பத்தொன்பது ஏக்கரில் இட்ட தேயிலை, மலைநாடு முழுவதும் பரவியது. கோப்பிக்கும் தேயிலைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கோப்பி பருவத்துக்குப் பழுப்பது. தேயிலையோ ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. ஏழு நாளைக்கொருமுறை, பத்து நாளைக்கொருமுறை அதே செடியிற் கொழுந்து கிள்ளவேண்டும். ஆகவே தொழிலாளர் ஆண்டு முழுவதும் தேவைப்பட்டனர். ஆடவரோடு பெண்டிரும் பிள்ளைகளும் குடும்பமாக வந்து தங்கினர். 1885ஆம் ஆண்டில் நானுஓயாவுக்கும் 1924ஆம் ஆண்டில் பதுளைக்கும் இருப்புப்பாதை எட்டியது. வந்தவர்கள் நிலைத்துவிட்டனர், பயிரும் நிலைத்துவிட்டது. ஆனால் அவர்கள் தங்கிய இடம் மட்டும், கல்லாலும் தகரத்தாலும் கட்டப்பட்ட பின்னரும், வந்து போவோர்க்குரிய லைனாகவே நின்றது.

அச்சொல்லை மக்கள் தமிழாக்கிய விதம் இலக்கணத்துக்கு ஒத்தது. ஐகாரம் அகரமும் யகரமுமாய் ஒலிப்பது தமிழுக்குப் புதிதன்று. ஆகவே லைன் என்பது லயன் ஆயிற்று. நிலம் என்பது நிலன் என்றும், நலம் என்பது நலன் என்றும் வருவதை நேயர்கள் அறிவர். இலக்கணநூலார் இதனைக் கடைப்போலி என்பர். அதே போலி மறுபுறமாகத் திரும்பி, லயன் என்பதை லயம் ஆக்கிற்று. எழுத்தறியும் வாய்ப்பில்லாத மக்கள் என்று பிறர் கருதிய ஒரு கூட்டத்தார், அயற்சொல் ஒன்றினைத் தம் மொழியின் அச்சில் எவ்வளவு செம்மையாக வார்த்துவிட்டனர்!

லயம் என்னும் வடிவம் பெற்றதும், அச்சொல் வேறு நினைவுகளையும் எழுப்பலாயிற்று. தாளத்தின் சீரான நடையை இசைவாணர் லயம் என்பர். ஒன்றில் ஒன்றிக் கரைதலும் லயமே. அது வடமொழிச் சொல். தோட்டத்து லயத்துக்கும் அதற்கும் உறவில்லை. குதிரை கட்டும் இடத்தை லாயம் என்பது தமிழ் வழக்கு. ஒலியும் ஒத்து, தோற்றமும் ஒத்திருப்பதால், லாயமே லயம் ஆயிற்று என்று எண்ணுவார்க்கும் இடமுண்டு. சொற்பிறப்பு முறைப்படி அது பொருந்தாது. ஆயினும், பாளையத்திற் குதிரை கட்டும் வரிசைக்கும் லைன் என்றே பெயர் இருந்ததை முன்னர்க் கண்டோர், அவ்வெண்ணத்தின் கசப்பில் ஓர் உண்மை ஒளிந்திருப்பதை உணர்வர்.

இனி அந்த லயத்தின் உள்ளே புகுந்து நோக்கினால், அது ஒரு சரித்திரப் பாடமாகவே விளங்குகிறது. லயத்தின் ஒவ்வோர் அறைக்கும் காம்பரா என்று பெயர். அது அறையைக் குறிக்கும் காமரா என்னும் போர்த்துக்கேயச் சொல். படம் பிடிக்கும் கருவியின் பெயரும் அதே மூலத்திற் பிறந்ததுதான். அறைக்கு முன்னே இருக்கும் தாழ்வாரத்துக்கு இஸ்தோப்பு என்று பெயர். அது ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல். சமையல் செய்யும் இடத்தைக் குசினி என்பது மீண்டும் போர்த்துக்கேயம். இவையெல்லாவற்றையும் தாங்கி நிற்கும் கட்டடத்தின் பெயரோ ஆங்கிலம். 1505ஆம் ஆண்டு முதல் இந்நாட்டின் கரையில் இறங்கிய மூன்று அந்நிய வல்லரசுகளும், ஓர் ஏழைத் தொழிலாளியின் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையிற் கூடிக்கிடக்கின்றன. அவ்வறையில் வாழ்வோர் மட்டுமே தமிழர்.

மேலே குன்றின்மீது, பூந்தோட்டத்தின் நடுவே நிற்பது துரையின் பங்களா. இச்சொல்லின் கதை இன்னும் விசித்திரமானது. வங்காளத்து முறையிற் கட்டிய வீடு என்னும் பொருளுடைய இந்தியச் சொல்லே ஆங்கிலேயர் வாயிற் பங்களா ஆயிற்று. ஆக, ஆங்கிலேயத் துரை வாழ்ந்த மாளிகைக்கு இந்தியப் பெயர். இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளி வாழ்ந்த அறைக்கு ஆங்கிலப் பெயர். இருவரும் பெயர்களை மாற்றிக்கொண்டனர், வீடுகளை மாற்றிக்கொள்ளவில்லை. உழைப்புக்குரிய ஊதியத்தைக் குறிக்கும் கூலி என்னும் தமிழ்ச்சொல், ஆங்கிலத்திற் புகுந்து உழைப்பவனையே குறிக்கும் இழிசொல்லாகத் திரும்பி வந்தது என்று கொள்வார் பலர். அவ்விரு சொற்களையும் இணைத்தே அதிகாரிகளின் ஏடுகள் கூலி லைன் என எழுதின.

லைன் என்பது வெறும் கட்டடத்தின் பெயராக மட்டும் இருந்திருந்தால், இத்துணை ஆராய்ச்சி வேண்டியதில்லை. அது ஒரு வாழ்க்கை முறையின் பெயருமாயிற்று. ஒரு கூரையின் கீழ்ப் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள். சிலவிடங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசையில் இருபதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள். இடையில் ஒரு சுவர். ஒரு வீட்டுப் பிள்ளையின் இருமலை அடுத்த வீடு கேட்கும். ஒரு வீட்டு அடுப்பில் பற்றிய நெருப்பு லயம் முழுவதையும் எரித்துவிடும். பிறப்பும் பூப்பும் மணமும் மரணமும் அந்த ஒற்றை அறையிலேயே நிகழ்ந்தன. ஆயினும், அந்தச் சுவர்களுக்கிடையே ஓர் உறவும் வளர்ந்தது. ஒரு வீட்டிற் சாவு என்றால் லயமே உலை வைக்காது. ஒரு வீட்டிற் கல்யாணம் என்றால் லயமே பந்தல் போடும். பீலிக்கரையில் தண்ணீருக்குக் காத்திருக்கும் வேளையில் ஊர்ச்செய்தி முழுவதும் கைமாறும். லயத்தின் குறைகளைச் சொல்வோர் இந்த நன்மையையும் மறத்தலாகாது.

ஆனால், அவ்வறை அவர்களுக்குச் சொந்தமன்று. வேலை உள்ளவரைதான் அறை. பற்றுச்சீட்டுக் கொடுத்து வேலையினின்று நீக்கப்பட்டவர், அன்றே தம் சட்டிபானைகளையும் எடுத்துக்கொண்டு இறங்கவேண்டியவர் ஆனார். லயத்துக்கு விருந்தினராக வருவோரையும் அத்துமீறி நுழைந்தோர் எனத் தடுக்கும் அதிகாரம் நிருவாகத்திடம் இருந்தது. தொழிற்சங்கத் தலைவராகவும் பத்திரிகையாளராகவும் விளங்கிய கோ. நடேசய்யர், புடவை வியாபாரியைப் போலத் தோளில் மூட்டை சுமந்து தோட்டங்களுக்குட் சென்று தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். தலவாக்கலைப் பகுதித் தோட்டமொன்றிற் பிறந்து, 1947ஆம் ஆண்டிற் பாராளுமன்றத்துக்குத் தெரிவான எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை, தம் நாவல் ஒன்றுக்கு வீடற்றவன் என்று பெயரிட்டார். காம்பரா இருந்தும் வீடு இல்லை என்னும் நிலையை அப்பெயர் ஒன்றே உணர்த்திவிடுகிறது. தமிழில் வீடு என்னும் சொல் விடு என்பதன் வழிவந்தது. உழைப்பை விட்டு இளைப்பாறும் இடம் வீடு. பற்றுக்களை விட்டு அடையும் பேறும் வீடு. விடுதலை தோன்றாத ஓர் இடத்தை வீடு என அழைக்க அம்மக்களின் நா எழாததிற் புதுமை என்ன?

முகவரி என்பதும் அவ்வாறே. கடிதத்தின்மேல் ஆளின் பெயரும் தோட்டத்தின் பெயரும் இருக்கும். வீட்டு இலக்கமோ தெருவின் பெயரோ இராது. தபால் தோட்டக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்து உரியவர் கைக்குப் போகும். சிலவேளை பிந்திப் போகும். நேர்முகத் தேர்வுக்கு அழைக்கும் கடிதம் தேர்வு நாள் கழிந்தபின் வந்து சேர்ந்தால், படித்த பிள்ளைக்கு அது எத்தகைய இழப்பு என்பதைக் கூறவேண்டியதில்லை.

லைன் என்னும் சொல்லுக்கு வமிசம் என்றும் ஒரு பொருள் உண்டு என முன்னர்க் கூறப்பட்டது. அப்பொருளும் இம்மக்களை விட்டுவைக்கவில்லை. நாடு சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே நிறைவேறிய 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இந்நாட்டிற் பிறந்தால் மட்டும் போதாது என்றது. தந்தை இங்கே பிறந்திருக்கவேண்டும்; அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்கவேண்டும் என்றது. லைனில் வாழ்ந்தவர்களிடம் இப்போது வேறொரு லைனுக்குச் சான்று கேட்கப்பட்டது. பாட்டன் மலையேறி வந்த காலத்திற் பிறப்பைப் பதிந்து வைத்தவர் யார்? இலட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆயினர். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகிர்ந்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டில் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் வாழ்ந்த உடன்பிறந்தோர் இரு நாடுகளுக்கு உரியவர் ஆயினர். எஞ்சி நின்ற நாடற்றோரின் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் வந்தது. இழையாய்த் தொடங்கிய ஒரு சொல், எல்லைக்கோடாகவும் வமிசக்கோடாகவும் நின்று, ஒரு மக்கட்கூட்டத்தை அறுத்த கதை இது.

கதை இவ்வளவில் முடிந்துவிடவில்லை. அண்மைக்காலத்தில் மலைநாட்டு மக்களின் நாவில் இன்னோர் ஆங்கிலச் சொல் வந்து அமர்ந்திருக்கிறது. பேர்ச் என்பது அது. தோட்டக் குடும்பம் ஒன்றுக்கு ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்பது 2015ஆம் ஆண்டுக்குப் பின் அரசாங்கத் திட்டமாயிற்று. இந்திய உதவியோடும் வீடுகள் எழுந்தன. 2017ஆம் ஆண்டு மே மாதம் நோர்வூட்டில் நடந்த கூட்டத்தில் இந்தியப் பிரதமர் மேலும் பத்தாயிரம் வீடுகளை அறிவித்தார். 2018இல் பூண்டுலோயாவின் டன்சினன் தோட்டத்தில் 400க்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட குடியிருப்பு ஒன்று மகாத்மா காந்திபுரம் என்னும் பெயரோடு கையளிக்கப்பட்டது.

பேர்ச் என்னும் அளவின் பிறப்பும் சிந்திக்கத்தக்கது. கோல் என்னும் பொருளுடைய பெர்ட்டிக்கா என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து அது வந்தது. பதினாறரை அடி நீளமுள்ள அளவுகோலே ஆதியிற் பேர்ச் ஆகும். அதன் சதுரம் 272.25 சதுர அடி. அத்தகைய 160 சதுரங்கள் ஓர் ஏக்கர். ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி நிலம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவைப் போலப் பதினாறு மடங்கு. நெடுங்காலம் நூலளவில் வாழ்ந்தவர்களுக்கு இப்போது கோலளவில் நிலம் என்னும் பேச்சு வந்திருக்கிறது. ஏழு பேர்ச் போதுமா என்று கேட்போரும், உறுதி கையில் வந்ததா என்று கேட்போரும் மலைநாட்டில் உளர். அக்கேள்விகள் நியாயமானவை. புதுவீடு பெறாது லயத்திலேயே வாழும் குடும்பங்களும் பல. ஆயினும், காணி, உறுதி, முகவரி என்னும் சொற்கள் அவர்கள் பேச்சிற் புகுந்தமை ஒரு மாற்றத்தின் அறிகுறியே. ஆங்கிலத்திற் பறவை வந்து தங்கும் கொம்புக்கும் பேர்ச் என்றே பெயர். அதுவும் அதே கோலிலிருந்து பிறந்தது. நீண்டவழி பறந்துவந்த பறவைக்கு முதலில் வேண்டியது அதுவன்றோ?

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். தேயிலையின் வரிசை நிரை என்னும் தமிழ்ப்பெயர் பெற்றது, அதனை நட்டவர்களும் வளர்த்தவர்களும் அம்மக்களே ஆதலால். காட்டை வெட்டியது அவர்கள் கை. கன்றை ஊன்றியது அவர்கள் கை. கொழுந்தைக் கிள்ளியதும் அவர்கள் கை. தன் கையால் ஆக்கிய ஒன்றுக்குத் தன் மொழியிற் பெயரிடுவது மனிதனின் இயல்பு. பழந்தமிழர் பசுக்கூட்டத்துக்கு ஆநிரை என்றனர். செய்யுளின் ஓரசைக்கு நிரை என்றனர். அதே சொல்லை அவர்களின் வழிவந்தோர் ஐயாயிரம் அடி உயரத்துப் பனிமலையில், கொழுந்துக்கூடையோடு நின்று, தேயிலைக்குச் சூட்டினர். லைனோ, பிறர் தீர்மானித்துப் பிறர் அளந்து பிறர் கொடுத்தது. ஆகவே பிறர் வைத்த பெயரோடேயே நின்றுவிட்டது.

புதிய குடியிருப்புக்களுக்கு மக்கள் இன்று புரம் என்றும் நகர் என்றும் பெயர் வைக்கின்றனர். சில ஆண்டுகளிற் பிள்ளைகள் தம் கடிதங்களில் வீட்டு இலக்கத்தையும் தெருவின் பெயரையும் எழுதப் பழகிவிடுவர். லைன் என்னும் சொல் தமிழைவிட்டு ஓடிவிட வேண்டுவதில்லை. புகைவண்டி அதன்மேல் ஓடட்டும். தொலைபேசி அதன் வழியே பேசட்டும். அதன் பல பொருள்களுள் ஒன்று மட்டும், வழக்கொழிந்த பொருள் என்னும் குறிப்போடு அகராதியில் நிற்கும் காலம் வருமாயின், அன்று மலைநாட்டில் லயம் என்ற சொல் தாளத்தையே குறிக்கும்.